நம்ம ஆளுக இருக்குற இடமா? மீரா ரோடும் நூற்றிருபது ஆண்டுப் பழமையான ஒரு கேள்வியும்

கடந்த மூன்று மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். நான்கு வயது மகளை அழைத்துக்கொண்டு மீரா ரோடுக்குக் குடிபெயர்வதா, வேண்டாமா என்பதே அது. சயனில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறது. ஆண்டு முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். கணவருக்கு அந்தேரியில் வேலை. நகர வரலாற்றில் ஆய்வு செய்யும் நான், வாரத்தில் நான்கு நாள்கள் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்திலுள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குச் செல்பவள். எங்கள் வருமானத்துக்கு இரண்டு அறை வீடு கிடைக்கும் இடங்களில் மீரா ரோடும் ஒன்று.

என் மாமியார் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “எங்க வேணாலும் போங்க. நம்ம ஆளுக நாலு பேர் இருக்குற இடமாப் பாரும்மா.” என் ஆய்வுத் தோழி ஒருத்தி இதற்கு நேர்மாறாகச் சொன்னாள்: எல்லா மதத்தாரும் எல்லா மொழியாரும் வாழும் இடத்தில் குழந்தை வளர்வதைவிட நல்ல கல்வி வேறில்லை என்று. இருவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு காப்பகத்தில் அமர்ந்தபோதுதான், என் மேசைமீது கிடந்த பழைய அறிக்கைகளும் இதே கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டவை என்பது உறைத்தது. ஓர் இளங்குடும்பம் எங்கே குடியேற வேண்டும் என்பதைப் பம்பாய் நூற்றிருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அக்கேள்விக்குக் குடும்பங்கள் தந்த விடைகளின் தொகுப்பே இன்றைய புறநகர்.

முதலில் இருப்புப்பாதை. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியது. அடுத்த ஆண்டே பாதை கல்யாண்வரை நீண்டது. மேற்குக் கரையோரம் 1867-இல் விராரிலிருந்து நகருக்கு ஒரு வண்டி இயங்கத் தொடங்கியது. ஆயினும் இருப்புப்பாதை வந்த உடனே புறநகர் வந்துவிடவில்லை. வேலைக்கு நடந்து போகும் தொலைவில் வாழ்வதே தொழிலாளியின் வழக்கமாக இருந்தது. எழுத்தர்களும் கடைக்காரர்களும் பழைய நகரின் நெரிசலிலேயே வாழ்ந்தனர். வீட்டையும் வேலையையும் தனித்தனி இடங்களில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்ற, இருப்புப்பாதை மட்டும் போதவில்லை. ஒரு கொள்ளைநோயும் தேவைப்பட்டது.

1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. நெரிசலான குடியிருப்புகளை இடிப்பது, அகன்ற சாலைகளைத் திறப்பது, வடக்கே தாதர், மாட்டுங்கா, சயன் பகுதிகளில் புது மனைகளை வகுப்பது ஆகியவை அதன் பணிகள். இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகளுக்கு ஈடான வீடுகள் கட்டப்படவில்லை. புது மனைகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்கிய இளங்குடும்பத்தினர். அரசின் பார்வையில் அவர்கள் தேடியது காற்றும் வெளிச்சமும். குடும்பங்களின் பார்வையில் வேறொன்றும் சேர்ந்திருந்தது. தாதரில் பார்சிகளுக்கென 103 மனைகள் ஒதுக்கப்பட்டன. அருகிலேயே இந்துக் காலனி எழுந்தது. புறநகர் என்பது பிறந்த நாளிலிருந்தே சுகாதாரத்தின் மொழியில் திட்டமிடப்பட்டு, சமூகத்தின் மொழியில் நிரப்பப்பட்டது.

மாட்டுங்காவின் கதையை நிகில் ராவ், 1898 முதல் 1964 வரையிலான பம்பாய்ப் புறநகர் அடுக்கக வாழ்வைப் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். ஊர்ப்பக்கத்தில் தம்மை ஒரே கூட்டமாக ஒருபோதும் எண்ணியிராதவர்கள் அங்கே ‘தென்னிந்தியர்’ என்ற பொது அடையாளத்துக்குள் வந்தனர். கழிவறை வீட்டுக்குள்ளேயே அமைந்த அடுக்ககத்தை ஏற்பதில் மேல்சாதிக் குடும்பங்களுக்கு இருந்த தீட்டுத் தயக்கத்தையும் அவர் பேசுகிறார். புது இடம் பழைய வேலிகள் சிலவற்றைத் தளர்த்தியது. வேறு சிலவற்றைப் புதிதாக எழுப்பியது. 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியபோது, குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு அவ்விடம் இன்னும் ‘பொருத்தமானது’ ஆயிற்று.

என் மாமியாரின் தாராவி, அந்த மாட்டுங்காவிலிருந்து ஒரு தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கிறது. இரண்டு பக்கமும் தமிழ் பேசினார்கள். ஆனால் மாட்டுங்காவின் ‘தென்னிந்தியர்’ என்ற சொல்லுக்குள் தாராவியின் தோல் தொழிலாளர் குடும்பங்கள் அடங்கவில்லை. ‘நம்ம ஆளுக’ என்று அவர் சொல்லும்போது அதன் எல்லையை மொழி மட்டும் வகுப்பதில்லை என்பதை நான் மறந்துவிடக் கூடாது. எங்களுக்குத் தமிழர் நிறைந்த ஒரு கட்டடம் கிடைத்தாலும், அங்கே எங்களை ‘நம்ம ஆளுக’ என்று எல்லோரும் எண்ணுவார்கள் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவதாகச் சட்டம். 1915-இல் காம்தேவியில் சாரஸ்வதர்கள் தொடங்கிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒரு முன்மாதிரியாயிற்று. பலர் சேர்ந்து, கடன் பெற்று, தமக்கென வீடு கட்டிக்கொள்ளும் முறை அது. அதில் உறுப்பினர் யார் என்பதைச் சங்கமே தீர்மானித்தது. ஒருவரையொருவர் அறிந்தவர்களே கடனுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பர் என்ற நியாயம் அதன் பின்னால் இருந்தது. அந்த நியாயமே அறியாதவரை வெளியே நிறுத்தும் கதவாகவும் ஆனது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2005-இல், அகமதாபாத் நகரத்துப் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினர் உரிமையைத் தம் சமூகத்தாருக்கு மட்டும் வரையறுக்கும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்புப் பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறதேயன்றித் தன்விருப்பில் அமைந்த சங்கத்தை அவ்வாறு கட்டுப்படுத்தவில்லை என்பது அதன் சாரம்.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னொரு திருப்பம். பழைய வாடகைகள் 1940-ஆம் ஆண்டின் அளவிலேயே கட்டிப்போடப்பட்டன. ஏற்கெனவே குடியிருந்தவருக்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால் வாடகைக்கு வீடு கட்டுவது இலாபமற்றதாயிற்று. ‘பக்டி’ என்ற பெருந்தொகை இல்லாமல் பழைய வீட்டில் நுழைய இயலாது என்றாயிற்று. புதிதாக மணமுடித்தவர்கள், புதிதாக நகருக்கு வந்தவர்கள் ஆகியோருக்கு எஞ்சிய வழி, விலைக்கு வீடு வாங்குவது. விலை குறைந்த இடமோ தண்டவாளத்தின் கடைசியில் இருந்தது. 1925-இல் விக்டோரியா டெர்மினஸ் முதல் குர்லாவரையும், 1928-இல் கொலாபா முதல் போரிவலிவரையும் மின்வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. இளமையும் தொலைவும் ஒன்றையொன்று தேடிக்கொண்டது இப்படித்தான்.

பிரிவினைக்குப் பின் கல்யாண் அருகே கைவிடப்பட்ட படைமுகாமில் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949-இல் அது உல்லாஸ்நகர் ஆயிற்று; அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. சயன் கோலிவாடாவில் பஞ்சாபியர், செம்பூரிலும் முலுண்டிலும் சிந்திகள் என அகதிகளின் வருகையும் புறநகரின் முகத்தை மாற்றியது. அவர்களில் எவரும் ‘இப்பகுதி நமக்குப் பொருந்துமா’ என்று கேட்கும் நிலையில் இல்லை. அக்கேள்வியைக் கேட்க முடிவதே ஒரு வசதி என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

பம்பாய் மாநகராட்சியின் எல்லை 1950-இலும் 1957-இலும் வடக்கே விரிந்தது. இரண்டாம் விரிவு தஹிசரிலும் முலுண்டிலும் நின்றது. தஹிசருக்கு அடுத்த நிலையமான மீரா ரோடு எல்லைக்கு வெளியே, தாணே மாவட்டத்தில் விடப்பட்டது. அப்போது அது உப்பளங்களும் வயல்களும் சிற்றூர்களும் கொண்ட நிலம். ஆக்ரிகள், கோலிகள், உத்தன் கடற்கரையின் கத்தோலிக்க மீனவர்கள் ஆகியோரின் ஊர். ஒரு நிலையத் தொலைவில் மாநகராட்சியின் எல்லை முடிந்ததால் நிலம் மலிவாக இருந்தது. அதே காரணத்தால் நீரும் வடிகாலும் பின்தங்கின. 1985-இல் நகராட்சியும் 2002-இல் மாநகராட்சியும் அமைந்தன. 2001-இல் சுமார் 5.2 இலட்சமாக இருந்த மீரா-பாயந்தர் மக்கள்தொகை, 2011-இல் 8 இலட்சத்தைத் தாண்டியது.

இத்தனை பேர் ஏன் வந்தனர்? விலை ஒரு காரணம். அச்சம் இன்னொரு காரணம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவுசெய்தது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். அதன்பின் நகரின் கலப்புப் பகுதிகளிலிருந்து பல முஸ்லிம் குடும்பங்கள் மும்ப்ராவுக்கும், மீரா ரோடின் நயா நகருக்கும் பெயர்ந்தன. அக்குடும்பங்களில் இருந்த இளந்தாயும் என் மாமியாரின் வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய வாயில் அது முன்முடிவு அன்று. அன்றிரவு குழந்தை உயிரோடு உறங்க வேண்டும் என்ற கணக்கு. தனித்து வாழ்வோரைப் ‘பன்மையை வெறுப்பவர்’ என்று எளிதில் தீர்ப்பிடும் நாம், வெளித்தள்ளும் பெரும்பான்மையின் தனிமையையும் ஒதுங்கும் சிறுபான்மையின் தனிமையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

தமிழர்க்கும் இந்நகரில் அப்படியொரு நினைவு உண்டு. 1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தில் ‘மதராசி’களுக்கு எதிரான இயக்கம் நடந்தது, அலுவலகங்களில் உயர்பதவியில் இருந்த தென்னிந்தியரின் பெயர்ப்பட்டியல்கள் ‘மார்மிக்’ இதழில் வெளியாயின, உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. தெருவில் உரக்கத் தமிழ் பேசாதே என்று தம் தாய் எச்சரித்ததை மாமியார் இன்றும் சொல்வார். ‘நாலு பேர்’ என்று அவர் கேட்பது அந்தச் சிறுமியின் கேள்வி.

இந்த வரலாற்றோடு மீரா ரோடைப் பார்த்தால் என்ன தெரிகிறது? அதன் பன்மை யாரும் திட்டமிட்ட ஒன்றன்று. குஜராத்தி, மார்வாடி வணிகர், உத்தரப்பிரதேசத்தினர், மராத்தியர், முஸ்லிம்கள், சமணர், தென்னிந்தியர், கத்தோலிக்கர் என ஒவ்வொருவரும் வேறொரு காரணத்தால் வேறோர் இடத்திலிருந்து தள்ளப்பட்டு, ஏறத்தாழ ஒரே விலையில் வந்து சேர்ந்த இடம் அது. ஆகவே நகரளவில் பார்த்தால் கலப்பு; கட்டடம் கட்டடமாகப் பார்த்தால் கலப்பு குறைவு. நாங்கள் பேசிய தரகர்களில் இருவர், எத்தனை அறை வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே எங்கள் குடும்பப் பெயரையும் உணவையும் கேட்டனர். மக்கள்தொகைக் கணக்கின் ‘பன்மை’யை நம்பிக் குடியேறும் குடும்பம், உண்மையில் குடியேறுவது ஒரு மாடிப்படிக்குள்.

அண்மை நிகழ்வுகளையும் ஒளிக்க இயலாது. 2024 ஜனவரி 21 இரவு, அயோத்திக் கோயில் குடமுழுக்குக்கு முந்திய நாளில், நயா நகரில் மோதல் ஏற்பட்டது. அடுத்த நாள்களில் அப்பகுதிக் கடைகளின் முன்பகுதிகள் புல்டோசர்களால் இடிக்கப்பட்டன. 2025-இல் மராத்தி பேசவில்லை என்பதற்காகக் கடைக்காரர் ஒருவர் தாக்கப்பட்டதும், வணிகர்கள் கடையடைத்ததும், அதற்கு எதிர்ப்பேரணி நடந்ததும் இதே மீரா ரோடில்தான். ‘எல்லோரும் ஒற்றுமையாக வாழும் இடம்’ என்று விளம்பரத்தாள் சொல்வதை என்னால் திரும்பச் சொல்ல முடியாது. ஆனால் மோதல் நடந்த இடங்களையெல்லாம் விலக்கினால் இந்நகரில் எங்களுக்கு எஞ்சுவது எது என்று மாட்டுங்கா முதல் மீரா ரோடுவரை எண்ணிப் பார்த்தேன். எஞ்சுவது விலையால் வேலியிடப்பட்ட சில தெருக்கள் மட்டுமே.

பயணம் தனியொரு செய்தி. சர்ச்கேட்டிலிருந்து மீரா ரோடு சுமார் 40 கி.மீ. மும்பைப் புறநகர் வண்டிகளில் அலுவல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதைக் குறிக்க இரயில்வே தனிக் கலைச்சொல்லே வைத்திருக்கிறது. தண்டவாளங்களில் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். 2006 ஜூலை 11 மாலையில் மேற்குப் பாதையின் ஏழு வண்டிகளில் குண்டுகள் வெடித்தபோது, அவற்றுள் ஒன்று மீரா ரோடு அருகே வெடித்தது. இறந்தவர்கள் எல்லா மதத்தினரும். வீட்டில் பிரிந்து வாழும் மக்கள் வேலைக்குப் போகையில் தோளோடு தோள் ஒட்டியே போகிறார்கள். 1992-இல் இப்பாதையில் பெண்களுக்கென்றே தனி வண்டி விடப்பட்டதை என் தலைமுறைப் பெண்கள் மறப்பதில்லை. இத்தொலைவில் தாயாகவும் பணிபுரிபவளாகவும் இருப்பது அதனால் சற்றே எளிதாயிற்று. எனினும் நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் மகளிடமிருந்து எடுக்கப்படும் நேரம். பன்மையைப் பற்றிய எங்கள் வாதங்களில் இந்தக் கணக்கை நாங்கள் பலமுறை மறந்தோம்.

ஆகவே ‘மீரா ரோடு நல்ல இடமா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, மூன்று சிறிய கேள்விகளைக் கேட்டோம்.

முதலாவது, கட்டடம். சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் அஞ்சல் பெட்டிகளிலும் உள்ள பெயர்களைப் படித்தோம். நிர்வாகக் குழுவில் யார் இருக்கின்றனர், தண்ணீர் லாரிக்கான பணத்தை எப்படிப் பகிர்கின்றனர் என்று காவலாளியிடம் கேட்டோம். ஒன்றாகப் பண்டிகை கொண்டாடும் படத்தைவிட, கோடைத் தண்ணீர்க் கணக்கில் சண்டையின்றி ஒன்றாகக் கையெழுத்திடும் குழு எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

இரண்டாவது, பள்ளி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் உண்டு. எல்லையைத் தாண்டினால் அந்த வாய்ப்பு எங்களுக்குப் போய்விடும். இழப்புத்தான். 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அதை நான் வரவேற்கிறேன். தமிழை வீட்டில் நாங்கள் கற்பித்துவிடலாம். அவள் பக்கத்தில் அமரும் குழந்தை யார் என்பதை வீட்டில் ஈடுசெய்ய இயலாது. ஆகவே 2009 கல்வியுரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களை உண்மையாகவே நிரப்பும் பள்ளி எது என்று தேடினோம்.

மூன்றாவது, திரும்பும் வழி. வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். பதினொரு மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம், குறைந்த முன்பணம். அந்தேரிக்குச் செல்லும் கணவரே மாலையில் முதலில் வீடு திரும்புவார். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது அவர் பொறுப்பு. என் காப்பக நாள்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. ஆய்வு சற்றுத் தாமதமாகும்.

அடுத்த மாதம் போகிறோம். அந்தக் கட்டடத்தில் பதினாறு வீடுகள். பெயர்ப்பலகையில் குறைந்தது ஐந்து மொழிகளின் பெயர்கள். தமிழ்ப் பெயர் ஒன்றுமில்லை. மாமியார் முன்பே ஒருநாள் வந்து பார்த்தார். கீழ்த்தளத்து முஸ்லிம் மூதாட்டி அவருக்கு நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். அவர்கள் 1993-இல் ஜோகேஷ்வரியிலிருந்து வந்தவர்களாம். இருவரும் அரைமணி நேரம் பம்பாய் இந்தியில் பேசினர். திரும்பும் வண்டியில் மாமியார், “அந்தம்மாவும் எங்களை மாதிரிதான் பயந்து வந்திருக்கு” என்றார். இடத்தைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அவர் சொல்லவில்லை. தமிழ்க் கடை எந்த நிலையத்தில் இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார்.

இந்தப் புறநகர்கள் யாரால் நிரம்பின என்பதை அரசுக் காப்பகங்கள் ஓரளவே சொல்லும். ‘ஏன் இங்கே வந்தோம்’ என்பது பெரும்பாலும் குடும்ப நினைவில்தான் இருக்கிறது. மும்பையின், தில்லியின், பெங்களூரின் விளிம்புகளில் வளர்ந்த மாணவர்களும் ஆசிரியர்களும் இதைப் படிப்பீர்களாயின், உங்கள் பெற்றோர் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும், அது விருப்பத்தால் நேர்ந்ததா, விலையால் நேர்ந்ததா, அச்சத்தால் நேர்ந்ததா என்பதையும் அவர்களிடம் ஒருமுறை கேட்டு எழுதுங்கள்.